சுடலைமுத்துவின் ஏழு நேர்க்கோடுகள்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். ஒரகடத்தில் நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த கம்பெனியின் மருத்துவ மையத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவள். காது பரிசோதனைக்குப் புதிதாக ஒரு டேப்லெட் வந்திருக்கிறதாம். ஹெட்போனை மாட்டிவிட்டால் போதும், அதுவே சத்தம் கொடுக்கும், அதுவே கோடு போடும், பக்கத்தில் ஆளே வேண்டாம் என்று ஒரே பெருமை. டெஸ்ட் எடுக்க ஆளை உட்கார வைக்கும் பழைய பூத்தை, அந்தச் சத்தம் புகாத சின்னக் கூண்டை, கழற்றப் போகிறார்களாம். அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் சிஸ்டர், சேஃப்டி வாரத்தில் நோட்டீஸ் போர்டில் போடுகிறோம் என்றாள்.

அந்தக் காலமாம். நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருடம்கூட முழுசாக முடியவில்லை. சுருக்கென்று கோபம் வந்தது, போனையும் பட்டென்று வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், பக்கத்தில் ஆளே வேண்டாம் என்று அவள் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. ஏன் நிம்மதி என்பதைத்தான் எழுத வேண்டும். ரேவதி, இதைப் போர்டில் போடுவதானால் கடைசி வரி வரை போடு, நடுவில் வெட்டாதே.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது சேரப்பணஞ்சேரி, வாழ்க்கைப்பட்டதும் உள்ளூர்தான். காஞ்சிபுரத்தில் நர்சிங் படித்துவிட்டுப் பத்து வருடம் போல நர்சிங் ஹோம்களில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரகடம் பக்கம் வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தபோது, வீட்டு வாசலுக்கே பஸ் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக இங்கே சேர்ந்தேன். சேர்ந்த கையோடு சென்னைக்கு அனுப்பி மூன்று வாரம் ஆடியோமெட்ரி, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு வந்த அன்று, இதில் எனக்கு இனிமேல் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்தேன். படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் கம்பெனியில் கார்களுக்குக் கதவு, கூரை எல்லாம் அடிப்பார்கள். பிரஸ் ஷாப்பில் மாடி வீடு உயரத்துக்கு இயந்திரங்கள் நிற்கும். ஒரு பக்கம் தட்டையாகத் தகடு போகும், டை என்கிற பெரிய அச்சு மேலிருந்து இறங்கி ஓங்கி அடிக்கும், மறுபக்கம் அது கதவாக வெளியே வரும். அந்த அடி காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் விழும். முதல் நாள் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன். பஸ் டிரைவர் என்னிடம் ஏதோ கேட்டார், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. மாலைவரை காதுக்குள் யாரோ விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். இதில் எட்டு மணி நேரம் நிற்கிறார்களே, ஓ.டி. பார்த்தால் இன்னும் நாலு மணி நேரம் சேர்த்து நிற்கிறார்களே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

காதுக்குக் கம்பெனி கொடுத்தது ஸ்பாஞ்ச் மாதிரி மெத்தென்று இருக்கும் இயர் பிளக். அதைப் போடவும் ஒரு முறை உண்டு. விரலால் உருட்டி மெல்லிசாக்க வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே செருகிவிட்டு, அது விரிந்து துவாரத்தை அடைக்கும்வரை விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். என் முன்னால் செய்து காட்டச் சொன்னால் பரதநாட்டியம் மாதிரி அழகாகச் செய்வார்கள். லைனுக்குப் போனதும் ஆளாளுக்கு ஒரு வித்தை. ஒருத்தன் பிளக்கைப் பாதியாகக் கத்தரித்து மேலாக வைத்திருப்பான். ஒருத்தன் கயிற்றோடு கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். இன்னொருத்தன் பெரிய இயர் மஃப் மாட்டியிருப்பான், பரவாயில்லையே என்று கிட்டே போய்ப் பார்த்தால் அதற்குள்ளே செல்போன் இயர்போன் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்.

நான் ரவுண்ட்ஸ் வருகிறேன் என்று தெரிந்ததும் லைன் முழுக்கக் கைகள் காதுக்குப் போகும். நானும் விடமாட்டேன், திட்டிக்கொண்டே போய் நானே செருகிவிடுவேன். அந்த இரைச்சலில் என் திட்டு ஒருத்தனுக்கும் கேட்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே என்ன திட்டினேன் என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார்கள். ஷாப்பின் போர்மேன் ஏழுமலை, வல்லக்கோட்டைக்காரர், சிஸ்டருக்கு வாயே தேவையில்லை, மூஞ்சியே பேசும் என்று கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இனி எங்கள் டாக்டர். டாக்டர் ஞானசேகரன் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை டாக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் மையத்துக்கு வருவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. வந்ததும் கை கழுவுவார், விரல் விரலாகத் துடைப்பார், துண்டை நாலாக மடித்துக் கம்பியில் போடுவார், அதற்கப்புறம்தான் குட்மார்னிங். அவர் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. அவ்வளவு மெதுவான குரல். புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். என்ன சார், என்ன சார் என்று பத்து தடவை கேட்க வேண்டியிருக்கும்.

அது வேண்டுமென்றே செய்வது என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. தலைவலி, வயிற்றுவலி என்று வருகிறவனிடம் முதலில் முகம் பார்த்துப் பேசுவார். அப்புறம் மருந்து அலமாரி பக்கம் திரும்பிக்கொண்டு, அதே மெதுவான குரலில் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். பதில் வந்தால் சரி. வராவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், அவன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். யாரையும் அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு நாலு அறை வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

வருடத்துக்கு ஒரு முறை பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் காது டெஸ்ட். அது என் ராஜ்ஜியம். முந்தின நாள் லீவில் இருந்தவனைத்தான் எடுப்பேன், ஏனென்றால் இரைச்சலில் இருந்து வந்த காது அன்றைக்கு உண்மை சொல்லாது. லைட் அடித்துக் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு பூத்துக்குள் உட்கார வைத்து, சிவப்பு ஹெட்போன் வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று மாட்டிவிட்டு, தடிமனான கதவைச் சாத்துவேன். வெளியே மேஜையில் மெஷினோடு நான். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். நான் மெஷினில் இருக்கும் கட்டையை அமுக்கினால் உள்ளே ஒரு சின்ன பீப் சத்தம் கேட்கும். கேட்டால் அவன் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும், என் மெஷினில் விளக்கு எரியும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் விளக்கு எரியாமல் நிற்கிறதோ அதை ஆடியோகிராம் என்கிற தாளில் குறிப்பேன். வலது காதுக்குச் சிவப்பில் வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. நல்ல காதென்றால் புள்ளிகளைச் சேர்த்தால் மேலே நேர்க்கோடாக வரும். இரைச்சலில் கெட்ட காதுக்கு ஒரு அடையாளம் உண்டு. நாலாயிரம் என்று எழுதியிருக்கும் கட்டத்தில், அதாவது கீச்சென்ற மெல்லிய சத்தத்தில், கோடு திடீரென்று பள்ளத்தில் இறங்கும். அதுதான் ஆரம்பம்.

பூத் வைத்த அறை சின்னது. அதனால் உள்ளே உட்காருபவனின் நாற்காலி ஜன்னலைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் கட்டையை அமுக்குவது அவன் கண்ணில் படக் கூடாதே என்று மெஷினுக்கு முன்னால் நானே ஒரு அட்டையை வெட்டி ஒட்டியிருந்தேன். ஆடிட்டுக்கு வந்தவர்கள்கூட அந்த அட்டையைப் பாராட்டினார்கள். எங்கள் பிரஸ் ஷாப்பின் காதுகள் வருடா வருடம் நன்றாகவே இருந்தன. மீட்டிங்கில் கைதட்டுவார்கள், நானும் எழுந்து நின்று வாங்கிக்கொள்வேன்.

சுடலைமுத்துவுக்கு வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ட்ரெய்னியாக வந்து சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேரோடு ஒரு ரூமில் இருந்து, பெர்மனென்ட் ஆகி, கல்யாணம் முடித்து வல்லக்கோட்டைக்கு வீடு மாறி, ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவும் ஆனவன். எல்லோரும் என்னை சிஸ்டர் என்றால் அவன் மட்டும் சிஸ்டரக்கா என்பான். ஷாப்பில் அவன்தான் ராஜா. பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்பான். கையைத் தூக்கினால் லைனை நிறுத்திவிடுவார்கள். திறந்து பார்த்தால் டையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருக்கும். அது உடைந்திருந்தால் ஒரு வாரம் லைன் படுத்திருக்கும். காதாலேயே டை பார்க்கிறவன் என்று அவன் போட்டோவைப் போர்டில் போட்டு மாலை மாட்டாத குறை. பிளக்கைப் பிடுங்குகிறானே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பிளக் செருகிவிட்ட நானும் கேட்கவில்லை. அவன் ஆடியோகிராம் வருடா வருடம் நேர்க்கோடு. இவன் காது தங்கம் என்று நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் காலை ஏழுமலை அவனைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம். ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்பக்கமாக வந்திருக்கிறது, ஹாரன் விடாமல் அடித்திருக்கிறது, இவன் நகரவே இல்லை. கடைசி நொடியில் ஏழுமலை சட்டையைப் பிடித்து இழுத்ததில் தரையில் விழுந்ததோடு போயிற்று. பிளக் போட்டிருந்தேன், அதனால் கேட்கவில்லை என்றான் சுடலைமுத்து. நியாயமான பதில்தான், நான் நம்பிவிட்டேன். குனிந்து மருந்து வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் அவனுக்குப் பின்னால் வந்து நின்றார். வழக்கமான குரலில் பேரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார். அவன் என் கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று கேள்விக்கும் தலைகூடத் திரும்பவில்லை.

டாக்டர் அவன் ஃபைலை எடுத்து ஏழு வருடத்து ஆடியோகிராம்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஏழும் நேர்க்கோடு. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவனை நாளைக்கு லீவு போட்டுச் சத்தமில்லாமல் வீட்டில் இருந்துவிட்டு நாளை மறுநாள் காலை வரச் சொல்லி அனுப்பினார். அவன் போனதும், எனக்கு ஒரு டெஸ்ட் பண்ணுங்க சிஸ்டர் என்றார்.

பூத்துக்குள் போய் ஹெட்போனை அவரே மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஆரம்பித்தேன். பீப் கொடுக்கக் கொடுக்க விளக்கு எரிந்தது. குறைத்தேன், எரிந்தது. இன்னும் குறைத்தேன், அப்போதும் எரிந்தது. சிவப்பு வட்டங்களைப் போட்டேன், நீலத்தையும் போட்டேன், ஸ்கேலை வைத்துச் சேர்த்தேன். நேர்க்கோடு. பேனாவை வைக்கும்போதுதான் உறைத்தது. டாக்டருக்கு எழுபது வயது நெருங்குகிறது. அந்த வயதில் யார் காதும் கீச்சுச் சத்தத்தில் இறங்காமல் இருக்கவே இருக்காது, அது எனக்குப் படித்த முதல் வாரமே தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஹெட்போன் வயரின் முனையைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அது எதிலும் சொருகியிருக்கவில்லை.

வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "எனக்கு ஒரு சத்தமும் கேக்கலம்மா. நீங்க ஒவ்வொரு தடவை கட்டையை அமுக்கும்போதும் கீழுதட்டைக் கடிக்கிறீங்க. அதைப் பார்த்து நானும் அமுக்கிட்டிருந்தேன்."

இல்லவே இல்லை என்று சாதித்தேன். நான் எப்படிப்பட்ட ஆள், அட்டையெல்லாம் வைத்து எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்கிறேன் என்று வாதாடினேன். அவர் மறுக்கவில்லை. வாஷ் பேசின் மேலே இருந்த கண்ணாடியைக் கழற்றி எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு பத்து தடவை கொடுங்கள் என்றார். கடிக்கக் கூடாது என்று பல்லை இறுக்கிக்கொண்டு கொடுத்தேன். மூன்றாவது தடவை உதடு தானாக உள்ளே போனது. நாலாவது தடவையும் போனது. கண்ணாடியில் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது, எழுந்து பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

ஏழுமலையிடம் போய் நேராகவே கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும் சிஸ்டர். புதுசா ஒருத்தன் வந்தா டீக்கடையிலயே சொல்லிக் குடுத்துடுவானுங்க, உதட்டப் பாத்து அமுக்குன்னு. காது போச்சுன்னு நீங்க எழுதினா அவன பிரஸ்ஸ விட்டுத் தூக்கிடுறாங்க, ட்ரெய்னியா இருந்தா வூட்டுக்கே அனுப்பிடுறாங்க. அவன் இன்னா பண்ணுவான்?" என் காதில் ஒரு ஷாப்பே சேர்ந்து இத்தனை வருடமாகப் பூச் சுற்றியிருக்கிறது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் போய், அதற்கும் அடுத்த நாள் காலை சுடலைமுத்து வந்தான். ஜன்னல் கண்ணாடி முழுக்க நியூஸ் பேப்பர் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். போய் உட்காரப்பா என்றேன். ஆயிரத்தில் விளக்கு எரிந்தது. இரண்டாயிரத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்த பிறகு எரிந்தது. நாலாயிரத்தில் எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அந்த அளவு சத்தம் என் காதில் விழுந்தால் நான் ஹெட்போனைத் தூக்கி எறிந்திருப்பேன். விளக்கு எரியவே இல்லை. பேப்பர் ஒட்டிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான், இந்தப் பக்கம் நான் மெஷினைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன். கர்த்தரே, ஒரு தடவை எரிய வையும் என்று வாய்விட்டே சொன்னேன்.

வெளியே வந்தவன் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"இத எழுதிராதிய சிஸ்டரக்கா. என்னையக் கொண்டு பேக்கிங்ல போட்டுருவாவ. பிரஸ்ல நின்னாத்தான் நான் சுடலைமுத்து."

அவன் சொல்லச் சொல்ல எல்லாம் வெளியே வந்தது. மூன்றாவது வருடத்திலேயே மெல்லிய சத்தம் விட்டுப்போக ஆரம்பித்திருக்கிறது. அந்த வருடத்திலிருந்துதான் என் உதட்டைப் பார்த்திருக்கிறான். எல்லாவற்றையும் சரியாக அமுக்கினால் சந்தேகம் வரும் என்று ரெண்டு மூன்றை வேண்டுமென்றே விட்டுவிடுவானாம். டையைக்கூடக் கடைசி வருடங்களில் காதால் பார்க்கவில்லையாம். தலையை மட்டும் பழையபடி சாய்த்துக்கொண்டு, உள்ளங்கையை இயந்திரத்தின் மேல் வைத்து அதிர்வை வைத்துக் கண்டுபிடித்தானாம். கெட்டிக்காரன்தான், என்ன பிரயோஜனம். டாக்டர் அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, போனது திரும்பாது, ஆனால் இப்போது நிறுத்தினால் இருப்பது இருக்கும், இன்னும் ரெண்டு மூன்று வருடம் அங்கேயே நின்றால் எதிரில் நின்று பேசுவதுகூட விளங்காது என்று விளக்கினார். அதற்கும் அவன் அசைந்து கொடுக்கவில்லை. வீட்டில் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதும்தான் உடைந்துபோனான்.

"எம்புள்ள பேசுதது வெளங்கல அக்கா. அஞ்சு வயசு. முதுகுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டுருக்கா, நான் திரும்பல. அப்பாவுக்கு எம்மேல கோவமான்னு அவ அம்மாட்ட போயிக் கேட்டிருக்கா."

டாக்டரே எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். எழுதாமல் விட்டால் இவன் வேலை மிஞ்சும், பெண்ணின் குரல் முழுசாகப் போய்விடும். எழுதினால் இருக்கிற கொஞ்சமாவது மிஞ்சும், வேலை என்ன ஆகுமோ தெரியாது. இப்படி ஒரு முடிவை என் தலையில் கட்டிவிட்டார்களே என்று அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. முடிவு என் தலையில் இருந்ததற்குக் காரணம் நான்தான் என்பதையும் மறக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்ததும் சேஃப்டி மேனேஜர் ஓடி வந்தார். கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். இவன் ஒருத்தனுக்கு மட்டும் புதிதாக எழுதிக்கொள்ளலாம், பழைய தாள்களுக்கு மெஷின் கோளாறு என்று ஒரு லெட்டர் கொடுத்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை, உங்கள் பெயரும் கெடாது சிஸ்டர் என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. டாக்டரைப் பார்த்தேன். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள், நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

எழுதினேன். பிரஸ் ஷாப்பில் இதுவரை நான் எடுத்த எந்த டெஸ்டையும் நம்ப வேண்டாம், மெஷினில் குறை இல்லை, குறை என்னுடையது, எல்லோருக்கும் மறுபடி எடுக்க வேண்டும் என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார். கீழே தன் பேனாவால் ஒரு வரி சேர்த்தார். இவர்கள் மறைத்தது பயத்தால், அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம். எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி தொழிற்சாலை ஆய்வாளருக்குப் போக வேண்டிய தகவலையும் அன்றே அனுப்பினார்.

எனக்கு மெமோ வந்தது. வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்லியே வைத்திருந்தேன், போகவில்லை. டாக்டர் பிளான்ட் ஹெட்டின் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினார். நானும் உடன் இருந்தேன். அவ்வளவு பெரிய அதிகாரி மேஜை மேல் பாதி சாய்ந்து, காதைக் கொடுத்து, என்ன டாக்டர், என்ன டாக்டர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கும் டாக்டர் குரலைக் கூட்டவில்லை. காது குறைகிறது என்று தெரிந்தால் அதே சம்பளத்தில், அதே வரிசையில் வேறு வேலை, யாரையும் அதைக் காரணமாக வைத்து அனுப்பக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். இந்த ஒன்று இல்லாவிட்டால் நீங்கள் பூத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர்கள் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள் என்று வராந்தாவில் வரும்போது சொன்னார்.

பூத்துக்குள் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். மூன்று மாதம் நாளுக்கு நாலைந்து பேராக எல்லோருக்கும் மறுபடி எடுத்தேன். யாரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. எத்தனை தாள்களில் பள்ளம் விழுந்தது என்று இங்கே எழுதமாட்டேன். ஒவ்வொரு பள்ளமும் விழும்போது பழைய தாளை எடுத்து, எந்த வருடத்தில் நான் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தேடுவேன். இரைச்சல் அதிகமான இரண்டு பிரஸ்களைச் சுற்றிக் கூண்டு கட்டினார்கள். பிளக்கைப் பிடுங்காமலே டையைச் சோதிக்க, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் லைனை நிறுத்தித் திறந்து பார்க்கும் முறை வந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னது ஏழுமலை.

சுடலைமுத்துவை டைகளை அடுக்கி வைத்திருக்கும் டை ஸ்டோருக்கு மாற்றினார்கள். விரிசல் பார்ப்பதுதான் அங்கேயும் வேலை, ஆனால் டார்ச் அடித்துக் கண்ணால். காதில் மாட்டிக்கொண்டால் சத்தத்தைக் கூட்டித் தரும் காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் அதைக் கர்ச்சீப்பில் சுற்றிப் பையிலேயே வைத்திருந்தான். ரெண்டு வருடம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேன்டீனில் எதிரில் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுவான். நானும் போகட்டும் என்று இருந்தேன். வருடா வருடம் டெஸ்டுக்கு மட்டும் வருவான், சுவரைப் பார்த்து உட்காருவான், முடித்துவிட்டு எழுந்து போவான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வணக்கம் சொல்ல ஆரம்பித்தான். ஒருநாள் தானாகவே வந்து, மகள் இப்போதெல்லாம் கையைத் தொட்டுத் தன்னைத் திருப்பிவிட்டுத்தான் பேசுகிறாள் என்றான். டாக்டர் அதற்குள் வயதாகிவிட்டது என்று நின்றுவிட்டார். அவர் மடித்துப் போட்ட துண்டை ரொம்ப நாள் நான் எடுக்கவே இல்லை.

நான் ரிட்டயர் ஆன வாரத்தில் கடைசியாக ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன். முடித்ததும் அன்றைய தாளையும், பேப்பர் ஒட்டிய அன்று எடுத்த தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு வருட இடைவெளி. இரண்டு பள்ளமும் ஒரே பள்ளமாகத் தெரிந்தது. ஏறியிருக்கிறதா என்று கேட்டான். ஏறாது, போனது போனதுதான், ஆனால் இறங்கவில்லை, ஒரு பொட்டுகூட இறங்கவில்லை என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எழுந்தவன் மறுபடியும் உட்கார்ந்தான்.

"ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு கெடக்கு. நீங்க எழுதிக் குடுத்ததுக்கு எனக்குக் கோவமே இல்ல. முத தடவை உங்களப் பாத்து அமுக்குனேம்லா, அன்னைக்குக் கொஞ்சந்தான் போயிருந்துது. நான் ஏமாத்துனேன், நீங்க ஏமாந்திய. ஆனா ரெண்டு பேருல போனது என் காதுதான அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பது மாதிரி சொன்னான். நான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், டாக்டரிடம் அழுதிருக்கிறேன், கோயிலில் முழங்கால் போட்டு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறேன். இவனிடம் மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கே தெரிந்தது. நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரில் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னிச்சிடுப்பா என்றேன். கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவை, அறைக்கு வெளியே வராந்தாவரை கேட்கும்படி சொன்னேன். அவன் சட்டென்று சிரித்துவிட்டான், கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

"ஏங்க்கா இப்படிக் கத்துதிய? கேக்குது" என்றான்.